சுடலைக்கண்ணுவின் மடக்குக் கொக்கி

"ஏலே சுடலைக்கண்ணு, வெள்ளிக்கிழமையும் இந்த டிரில் மிசின் கீழ விழுந்துச்சுன்னு வையி, மூணு பஸ்ஸும் போச்சு. பெறவு நீயும் நானும் ஐந்தருவியில போயி சுக்குக்காப்பிதான் விக்கணும்!"

அருமைநாயகம் கத்தியதில் நியாயம் இருந்தது. தென்காசியில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை அவருடையது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, ஆசை ஆசையாக ஒரு கரண்டு டிரில்லை எடுத்து வந்திருந்தார். கையில் பிடித்து அமுக்கினால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் தகட்டில் துளை விழும். ஆனால் பஸ் கூரை வளைவாயிற்றே! ரிவிட் அடிக்க இரண்டு கையும் வேண்டுமென்று மிசினை அங்கே வைத்தால், அது உருண்டு தரைக்கு வந்துவிடும்.

திங்கட்கிழமை அப்படித்தான் வந்தது. விழுந்த இடம், மூன்று பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்க வந்திருந்த மதுரை சங்கிலிப்பாண்டி முதலாளியின் கால் கட்டைவிரலுக்கு அரைச் சாண் தள்ளி.

"குற்றாலத்துல குளிக்க வந்தவனைக் கொல்லப் பாத்தீங்களேய்யா!" என்று அவர் குதித்தார். "வெள்ளிக்கிழமை வருவேன். அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணலைன்னா ஆர்டர் வேற பட்டறைக்கு!"

செவ்வாய்க்கிழமை, பட்டறையில் ரிவிட் அடிக்கும் சுடலைக்கண்ணு மிசினுக்கு ஒரு கொக்கி வைத்தான். கூரைச் சட்டத்தில் மாட்டினால் ஜோராகத் தொங்கியது. துளை போடும்போதுதான் வினை. நீட்டிக்கொண்டிருந்த கொக்கி அவன் வேட்டியை மாட்டி இழுத்துவிட, பட்டறையே கைகொட்டிச் சிரித்தது. புதன்கிழமை கீல் வைத்து மடக்குகிற மாதிரி செய்தான். தொங்கவிட்ட கொஞ்ச நேரத்தில் கொக்கி தானாக மடங்கி, மிசின் மறுபடியும் கீழே. அதற்குத்தான் இந்தக் கத்தல்.

"நிமித்துனா நிக்கணும், அமுக்குனா மடங்கணும் அண்ணாச்சி. அதுக்குத் தோதா ஒரு சாமான் வேணும்."

"பட்டறையில இருக்கதுல எதை வேணும்னாலும் எடுத்துக்கோலே. சும்மா நொய்நொய்னு எங்கிட்ட வந்து கேக்காதே" என்று சொல்லிவிட்டு அருமைநாயகம் சாப்பிடப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுடலைக்கண்ணு மிசினை அவர் கையில் கொடுத்தான். நிமிர்த்தினார். 'டக்' என்று கொக்கி நின்றது. அமுக்கினார். பூனை மாதிரி படுத்துக்கொண்டது. இருபது தடவையாவது நிமிர்த்தி மடக்கிப் பார்த்திருப்பார்.

"எப்படிலே பண்ணுன?"

"அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? நிக்குதா இல்லையா?"

"குத்துக்கல்லு மாதிரில்லா நிக்குது!"

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே சாரல். சங்கிலிப்பாண்டியின் கார் வாசலில் வந்து நின்றதும், அருமைநாயகம் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிய குடையைப் பார்த்துக் கையை நீட்டினார். மச்சினன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த குடை அது. எந்தக் காற்றுக்கும் அசையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். நனைத்துப் பாழாக்க மனம் வராமல், பெரிய மனிதர்கள் வந்தால் மட்டுமே எடுப்பார்.

அதற்குள் சுடலைக்கண்ணு பாய்ந்து வந்து குறுக்கே நின்றான். "நீங்க நில்லுங்க அண்ணாச்சி! நான் போயி கூட்டியாரேன்." தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, முதலாளிக்கு ஒரு சாக்கை விரித்துப் பிடித்தபடி அழைத்து வந்தான்.

தான் நனைந்துவிடக் கூடாது என்று இந்தப் பயலுக்கு எத்தனை அக்கறை! புதன்கிழமை திட்டியதை நினைத்து அருமைநாயகத்துக்கு வெட்கமாகப் போயிற்று.

சுடலைக்கண்ணு கூரைமேல் ஏறினான். துளை போட்டான். டக்! மிசினைத் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் ரிவிட் அடித்தான். கொக்கியை மடக்கி அடுத்த துளை. சங்கிலிப்பாண்டி தொங்கிய மிசினை ஆட்டிப் பார்த்தார். பிறகு தைரியமாக அதற்கு அடியிலேயே போய் நின்றுகொண்டார்.

"மூணு பஸ்ஸும் உங்களுக்குத்தான்யா! மதுரையில எங்க பஸ் ரிப்பேர் பட்டறையிலயும் ஆறு மிசின் இருக்கு, நித்தம் ஒண்ணு விழுது. அந்தக் கடுப்புலதான் அன்னைக்கு உங்களைப் பேசிட்டேன். இதே மாதிரி ஆறு கொக்கி கிடைக்குமா?"

"ஆறு என்ன முதலாளி, அறுபது கேளுங்க! ஒரே வாரத்துல தந்திருதேன்!"

கூரைமேல் சுடலைக்கண்ணு பலமாக இருமினான். அருமைநாயகத்தின் காதில் அது விழவே இல்லை.

"வாங்க முதலாளி, கார் வரைக்கும் வாரேன். உங்களுக்குப் போயி சாக்கு பிடிச்சிருக்கான், கோட்டிக்காரப் பய!"

"அண்ணாச்சி, நில்லுங்க!" என்று சுடலைக்கண்ணு ஏணியைத் தேடுவதற்குள், கொழும்புக் குடை சங்கிலிப்பாண்டியின் தலைக்குமேல் விரிந்தது. விரிந்த வேகத்தில் சரிந்து அவரை மார்பு வரை மூடிக்கொண்டது. அருமைநாயகம் மறுபடி தள்ளினார். மறுபடி சரிந்தது. பதறிப்போய்க் கம்பியைத் தடவினார். குடையைத் தாங்கும் ஸ்பிரிங் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

ஏணியில் பாதி இறங்கியவன் அங்கேயே நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

"பட்டறையில இருக்கதுல எதை வேணும்னாலும் எடுக்கச் சொன்னது நீங்கதானே அண்ணாச்சி... இனி அந்த ஆறு கொக்கிக்கும் யாரு குடையை எடுக்க?"