உப்பு கடைசியில்

"கோமதிநாயகம்" என்றாள்.

கேரட் துருவும் சத்தம் நின்றது.

அவள் கையில் பாதி பிழிந்த எலுமிச்சை. சாறு விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரை ஓடியது. துடைக்கத் தோன்றவில்லை.

அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. கொல்லைக் கதவு வெளிச்சத்தைப் பார்த்து, தரையில் சம்மணம் போட்டு, மடியில் தட்டும் துருவியுமாக உட்கார்ந்திருந்தார். வலது காதுக்குப் பின்னால் புதிதாக ஒரு மெஷின். மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும்.

அதை மறந்தே போனாள். காலையில்தான் போய் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பாழாய்ப்போன நாக்கு, பழைய பழக்கத்தில் முந்திக்கொண்டது.

புருஷன் பேரைச் சொல்லாத வீட்டில் பிறந்து, சொல்லாத வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்? அவள் மகள் தன் புருஷனை வாடா போடா என்கிறாள். இவளுக்கு வாய் வராது.

காலையில் காது ஆஸ்பத்திரியிலும் அதே கூத்துதான். சீட்டு எழுதுகிற பெண் பேர் என்ன என்று கேட்டது அவருக்கு விழவில்லை. இவள் நெளிந்துகொண்டே, "சங்கரங்கோயில் அம்மன் பேருதான்" என்றாள். அந்தப் பெண் கோமதி என்று எழுதிக்கொண்டது. உள்ளேயிருந்து கோமதியம்மா, கோமதியம்மா என்று கூப்பிட்டு ஓய்ந்துபோனார்கள். இவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஆளாகத்தான் உள்ளே போக முடிந்தது.

அப்பேர்ப்பட்டவள், சமையற்கட்டில் மட்டும் சொல்வாள்.

நூல் மில்லின் இரைச்சல் அவர் காதைத் தின்று முடித்த பிறகு தொடங்கியது அது. ஒருநாள் எத்தனையோ முறை கூப்பிட்டும் திரும்பாத ஆத்திரத்தில், பேர் வாய்தவறி வெளியே வந்துவிட்டது. முதுகு அசையவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பேர் வாயிலேயே தித்திப்பாகத் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவர் முதுகைக் காட்டினால் போதும். கோபத்தில் சொல்வாள். கொஞ்சலாகச் சொல்வாள்.

சும்மாவும் சொல்வாள். அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

அவர் மட்டும் நாளெல்லாம் வடிவு, வடிவு என்று வீட்டை இரண்டாக்கலாமாம்.

காது கேட்க வேண்டும் என்று அதே அம்மனிடம் வேண்டிக்கொண்டவளும் அவள்தான். போனில் பேத்தி என்னென்னவோ சொல்ல, ஒரு வார்த்தையும் விழாமல் அவர் சும்மா சிரித்துத் தலையாட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல் வேண்டிக்கொண்டாள். அம்மன் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு இதை எடுத்துக்கொள்வாள் என்று யார் கண்டது?

இனி அவர் முதுகைப் பார்த்துக்கூடச் சொல்ல முடியாது.

கண் கலங்கிவிட்டது. எலுமிச்சை தெறித்ததுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அவர் கை மெல்லக் காதுக்குப் போனது. எதையோ தடவியது. இறங்கியது.

"வடிவு, கேரட்டு துருவுனா இந்த மிசினு ஒரே இரைச்சலா இருக்கு. ஆப் பண்ணிட்டேன்."

திரும்பாமலே சொன்னார்.

துருவி மறுபடி ஓடியது.

அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. புருஷனுக்குக் காது கேட்கவில்லை என்று சந்தோஷப்படுகிற பெண்டாட்டியும் உலகத்தில் உண்டா?

தட்டு நிறைந்தது. தண்ணீரில் கிடந்து விறைத்த கேரட். துருவியின் பெரிய கண்ணில்தான் துருவுவார். பொடியாகத் துருவினால் பல்லுக்கு என்ன வேலை என்பார்.

தட்டை வாங்கிக் கிண்ணத்தில் கொட்டினாள். ஊறிய பாசிப்பருப்பு, பச்சைமிளகாய், மல்லித்தழை. மீதி எலுமிச்சையையும் பிழிந்து கிளறினாள். ஒரு இழையை வாயில் போட்டாள்.

நறுக்கென்றது.

உப்பு மட்டும் பாக்கி.

உப்பு எப்போதும் அவர் வசம். இவள் கையில் இருந்தால் அவசரப்பட்டு முதலிலேயே போட்டுவிடுவாள், கேரட் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும் என்று, ஜாடியைத் தன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். சாப்பிடும் நேரத்தில் இவள் அவர் தோளில் இரண்டு தட்டு தட்டுவாள். ஜாடி வரும். காது போன நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு.

தட்டுவதற்குக் கையை நீட்டினாள்.

துருவி முடித்த கையோடு இந்தப் பக்கம் திரும்பி, கிண்ணம் எங்கே என்று கேட்கிற மனுஷன். இன்று திரும்பவில்லை. சுத்தமாகத் துடைத்த துருவியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கையை மடக்கிக்கொண்டாள்.

"கோமதிநாயகம்" என்றாள், மல்லித்தழைக்கு மட்டும் கேட்கிற குரலில். "உப்பு."

தோளுக்கு மேலாக, பின்பக்கம், ஜாடி வந்தது.

அவர் திரும்பவில்லை.

அவள் உடனே வாங்கவில்லை.

இன்னொரு தரம் கூப்பிட்டாள்.