வேற்றாள்

என் ரத்தம் கெட்டுப்போனதால், யாரோ ஒரு கோவில்பட்டிக்காரரின் எலும்பு மஜ்ஜையை ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்தார்கள். உடம்பு ஏற்றுக்கொண்டது. வீடுதான் ஏற்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் ரத்தம் பார்த்துத்தான் கதவு திறக்கும். என் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "நீங்க வேற ஆளு, கெளம்புங்க" என்றது. கடை கடையாக ஏறி இறங்கி நானே தேர்ந்தெடுத்த கதவு. நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வாசலில் நடந்துகொண்டே இருந்தேன்.

உள்ளேயிருந்து என் மனைவி செண்பகவல்லி, "நான் வேணா கதவுகிட்ட சொல்லிப் பாக்கட்டுமா?" என்றாள்.

"வாயத் தொறக்காத! வேத்தாளுக்குப் பரிஞ்சு பேசினா உன்னையும் வேத்தாள்னு வெளிய தள்ளிரும். அப்புறம் ரெண்டு பேருக்கும் வீடு கெடையாது."

"என்னைக்கு நீங்க சொல்லி நான் கேட்டிருக்கேன்?"

அதற்குப் பிறகு உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம்தான் கேட்டது. கடைசியில் கணீரென்று கேட்டது அவள் குரல்:

"வெளிய நிக்கறது என் புருஷன்."

கதவு ஓர் ஆள் அளவுக்குத் திறந்து, அவளைத் தள்ளிவிட்டுச் சாத்திக்கொண்டது.

அவள் ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் பாய்.

"அடுப்ப அணைச்சிட்டுத்தான் சொன்னேன். படியில உக்காருங்க, சோறு ஆறிரும்" என்றாள்.