நாற்பதாவது கேள்வி

ரூம்மேட்டுக்குக் கொடுப்பதற்கென்று ஹாஸ்டலிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. நாற்பது கேள்விகள். மகள் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள், எதைக் கண்டால் பயம், கோபம் வந்தால் எத்தனை நாள் பேசமாட்டாள்.

"ஒண்ணு விடாம எழுது, குட்டிம்மா. கூட இருக்கப்போறவளுக்குத் தெரியணும்ல?" என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். "இது பெத்தவங்க எழுத வேண்டியது."

ஹாஸ்டல் அறையில் ரூம்மேட் வெறும் கட்டிலில் அந்தப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். மெத்தை இல்லை, பெட்டி இல்லை, ஒரு வாளிகூட இல்லை. அம்மா மகளின் துணிகளை அலமாரியில் அடுக்கினாள், கட்டிலில் போர்வை விரித்தாள், கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"கிளம்பலாமா, குட்டிம்மா?"

"சரிம்மா" என்று ரூம்மேட் எழுந்தாள்.

"அம்மா, நான் இங்க இருக்கேன்" என்றாள் மகள்.

"உடம்பைப் பாத்துக்கோங்க, நல்லாப் படிங்க" என்றாள் அம்மா, ஊரார் வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோல.

மகள் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே ரூம்மேட் காரின் முன்சீட்டில் ஏறி, இவள் வைப்பதுபோலவே காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்தாள். அம்மா வழக்கம்போல அவள் முழங்காலில் ஒரு தட்டு தட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

வெறும் கட்டிலில் படிவம் கிடந்தது.

'40. இனி வீட்டுக்கு வர முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வாள்?'

அம்மாவின் சாய்ந்த கையெழுத்து: 'ரெண்டு நாள் அழுவாள். அப்புறம் பழகிவிடும்.'