பால் நிறப் பை

“உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை வியாதி இருக்காம்மா?”

இன்றுதான் இந்த வார்டுக்கு மாறி வந்த டாக்டரம்மா கேட்டதும், தையல்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எங்க வம்சத்துலேயே கிடையாது. எங்கம்மா எண்பது வயசுலயும் மிட்டாய் டப்பாவைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவாங்க.”

“உங்க வீட்டுக்காரர் பக்கம்?”

“அங்க வாய்க்கொழுப்பு உண்டு. சர்க்கரை கிடையாது.”

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். கட்டிலில் மகள் சிட்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குடலில் அறுவை செய்து பதினொரு நாள் ஆகிறது. வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது. தலைக்கு மேலே பால் நிறத்தில் தொங்கிய பைதான் சாப்பாடு. அது கழுத்து நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

“இதுல சர்க்கரைச் சத்து நிறைய. ஸ்டீராய்டு ஊசி வேற போகுது. இதுவரைக்கும் டெஸ்ட்ல சரியாத்தான் இருக்கு, ஆனா பரம்பரையிலயும் இருந்துட்டா ரத்தத்துல சர்க்கரை எகிறி உயிருக்கே ஆபத்தாயிடும், மெதுவாத்தான் ஏத்தணும். இல்லேன்னு சொல்றீங்க, சாயங்காலம் வேகத்தைக் கூட்டிடலாம்.”

அவள் போனபின் திரைச்சீலை லேசாக அசைந்தது. சொட்டுகளை எண்ணியபடியே தையல்காரம்மாவுக்குக் கண் சொக்கியது. அறை மெல்ல மிதந்தது. பை இருந்த இடத்தில் ஒரு தொட்டில் ஆடியது. உள்ளே சின்ன வாய் ஒன்று பாலுக்குத் துழாவியது. அவள் கையில் இருந்ததோ நூற்கண்டு. இழுக்க இழுக்க வெள்ளை நூல் வந்துகொண்டே இருந்தது, பால் மட்டும் வரவில்லை.

விழித்ததும் மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். எவ்வளவு கெட்டிக்காரி இந்தச் சிட்டு! ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, துடிக்கிற வலியிலும், “நீ உட்காரும்மா, ஃபாரத்தை நானே எழுதுறேன்” என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷமாக அம்மாவுக்கு ஒரு சிரமம் வைக்காதவள். சொன்னால் அவள் மனசு விட்டுப்போகும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்.

வராந்தாவில் நின்ற டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

“வேகத்தைக் கூட்டாதீங்க டாக்டரம்மா! நான் சொன்னது எங்க வம்சம். சிட்டு என் வயித்துல பொறக்கல. ஏழு நாள் குழந்தையா வாங்கிட்டு வந்தேன். அவளைப் பெத்தவங்களுக்கு என்னென்ன வியாதியோ, எனக்குத் தெரியாது. ஆனா இது மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது. உடைஞ்சுபோயிடுவா.”

“என் மூலமாத் தெரியாதும்மா. மெதுவாவே ஏத்துறேன்.”

குறித்துக்கொள்ள ஃபைலின் முதல் பக்கத்துக்குப் புரட்டிய டாக்டரம்மாவின் பேனா அப்படியே நின்றது. சட்டென்று மூடப் பார்த்தாள். அதற்குள், கோழி கிறுக்கிய மாதிரியான அந்தப் பழகிய கையெழுத்து தையல்காரம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது.

‘குடும்ப நோய்கள்’ என்ற கட்டத்துக்குள் சிட்டு நெருக்கி எழுதியிருந்தாள்: “தெரியாது. நான் தத்துப்பிள்ளை. அம்மாவிடம் கேட்க வேண்டாம். எனக்கு இது தெரியும் என்று தெரிந்தால், அவள் உடைந்துபோவாள்.”