பத்தடி ஆழத்துக் காற்று

“ஏசிய எங்கன ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

கேட்டுக்கொண்டே சங்கரபாண்டி அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இடத்தில் இது அழகில்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மகள் சண்முகப்ரியாவுக்கு வெக்கை ஆகாது. கொஞ்சம் புழுங்கினாலும் தலைவலி வந்து சுருண்டு படுத்துவிடுவாள். மாப்பிள்ளை அருண்குமாருக்கு வேளாண்மை ஆபீசில் வேலை, தங்கமான குணம் என்றெல்லாம் அளந்த தரகர், புது வீட்டில் ஏசி இல்லை என்பதையும் உளறிவிட்டார். வீடு கொதித்தால் சம்பந்தமே வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே கத்திரி வெயிலில், உச்சிப் பொழுதில் வந்து இறங்கியிருந்தார் சங்கரபாண்டி. மகளோ, “நீங்க போய்ப் பாருங்கப்பா. உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி” என்று சொல்லிவிட்டு, வேலை பார்க்கும் கோயம்புத்தூருக்கு ரயிலேறிவிட்டாள்.

“ஏசியே கிடையாது அண்ணாச்சி” என்றார் மாப்பிள்ளையின் அம்மா கோமதித்தாய்.

“பின்ன எப்படி இந்த ஜில்லு? வெளிய மண்டையப் பொளக்குதே!”

அருண்குமார் அவரைப் பின்வாசலுக்குக் கூட்டிப் போனான். செடிகளுக்கு நடுவே, வலை போட்டு மூடிய குழாய் ஒன்று மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

“வெளிக்காத்து இதுக்குள்ள போகுது மாமா. பத்தடி ஆழத்துல நீளமா குழாய் பதிச்சிருக்கு. அவ்வளவு கீழ மண்ணுல வெயில் ஏறாதுல்லா? காத்து அங்கன சுத்தி, ஆறி, வீட்டுக்குள்ள வருது. இழுத்து விட ஒரு சின்ன ஃபேன், அவ்வளவுதான்.”

“மார்கழில வெறைச்சுப் போகாதா?”

“அப்போ வெதுவெதுன்னு வரும். மண்ணுக்குக் கோடை, குளிரு எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.”

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சை நம்பிப் பெண் கொடுக்க முடியுமா? சாப்பிட்டு முடித்ததும், “சித்த நேரம் இங்கன இருந்து பாக்குதேன்” என்று சொல்லி ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

கண் விழித்தபோது மணி நாலு. முதல் நாளே சம்பந்தி வீட்டில் குறட்டை விட்டிருக்கிறோமே என்று வெட்கமாகப் போயிற்று. சட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பொட்டு வேர்வை இல்லை.

“இதப் போட்ட இன்ஜினீயர் யாரு மாப்ள?”

மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அருண்குமாரின் முகம் மலர்ந்துவிட்டது.

“நமக்கு ரொம்ப வேண்டியவங்க மாமா. லீவு நாளெல்லாம் வந்து, கூடவே நின்னு முடிச்சுக் குடுத்தாங்க.”

“கெட்டிக்கார ஆளு. விட்றாதீங்க.”

“விடவே மாட்டேன் மாமா.”

காபி குடித்துக்கொண்டிருந்த கோமதித்தாய்க்கு ஏனோ புரையேறியது.

சங்கரபாண்டி அங்கேயே மகளுக்கு போன் போட்டார்.

“மக்கா, ஏசி கிடையாது. ஆனா வீடு குளுகுளுன்னு இருக்கு. எனக்குப் பூரண சம்மதம்!”

சந்தோஷத்தில் சண்முகப்ரியாவுக்கு வாய் முந்திக்கொண்டது.

“வடக்கு ரூம்லயும் காத்து நல்லா வருதாப்பா? நான் போட்ட பிளான்ல அங்கன மட்டும் குழாய் ஒரு வளைவு கூடிப்போச்சு!”