அதிகம் திறந்தது

இருட்டியதும் அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அலமாரிக்குள் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதுபோல். கறக்... கறக்... கறக்.

அவள் ஓடிப்போய்க் குழந்தையைத் தொட்டிலிலிருந்து வாரி எடுத்துக்கொண்டாள்.

"ஆரம்பிச்சிட்டியா?" குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிரவேயில்லை. "அது சர்வர் பெட்டிம்மா. பிள்ளையோட ஃபோட்டோவெல்லாம் என் தம்பி அதுலதான் பத்திரமா வச்சிருக்கான். பேய் ஒண்ணும் குடியிருக்கல."

"அது கத்தறப்பல்லாம் யாரோ என்னைப் பார்க்கிற மாதிரியே இருக்கு அண்ணி."

"அதுக்குத்தானே டாக்டர் மாத்திரை கொடுத்தார்?"

கொடுத்தார். மாத்திரை சாப்பிடுகிறவரை பால் கொடுக்கக் கூடாது என்றார். மூன்றே வாரத்தில் பால் வற்றிவிட்டது. இப்போது, மனசு சரியில்லாதவளிடம் பிள்ளை இருக்கக் கூடாது என்று கணவன் முடிவு செய்துவிட்டான். விடிந்ததும் நாத்தனார் குழந்தையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

"நான் மாத்திரையைத் துப்பினது, அம்மாகிட்ட ஃபோன்ல அழுதது... ஆபீஸ்ல இருக்கிறவருக்கு எப்படித் தெரியுது அண்ணி?"

"அக்கறை இருக்கிற புருஷனுக்குத் தெரியாதா? எனக்கு இப்படி ஒருத்தன் கிடைச்சிருந்தா உள்ளங்கையில வச்சுத் தாங்கியிருப்பேன்."

அழைப்பு மணி அடித்தது. சர்வர் மெக்கானிக். பெட்டியில் இரண்டு எஸ்.எஸ்.டி. டிரைவ் மாட்டக் கணவன்தான் அனுப்பியிருந்தான்.

"அடிக்கடி பார்க்கிறதையெல்லாம் இந்த ரெண்டும் எடுத்துத் தயாரா வச்சுக்கும் மேடம். பழைய டிஸ்க் இப்படித் தேடி அலைய வேண்டாம். சத்தமும் அடங்கிடும்."

"கேட்டியா?" என்றாள் நாத்தனார். "நீ பயப்படறேன்னு செலவு பண்றான். அவனைச் சந்தேகப்பட உனக்கு வாய் கூசல?"

அவள் குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். இந்த ஒரு ராத்திரிதான்.

மெக்கானிக் டிரைவ்களை மாட்டிவிட்டு லேப்டாப்பை விரித்தான். "மாட்டிட்டு வந்தா போதும்னார் சார். ஆனா எதை அதிகம் திறக்கறாங்கன்னு பார்க்காம நான் இதுகளை ஆன் பண்றதில்லை."

"பிள்ளை ஃபோட்டோதானே?" என்றாள் நாத்தனார்.

"அதை ஆறு மாசமா யாரும் திறக்கவே இல்லையே மேடம். படுக்கையறை, சமையல்கட்டு, தொட்டில்னு மூணு ஃபோல்டர். எல்லாம் வீடியோ. தினமும் நூறு தடவைக்கு மேல பார்த்திருக்காங்க. கேமராவெல்லாம் எங்கே வச்சிருக்கீங்க?"

"கேமராவா? இந்த வீட்டுல ஏதுப்பா கேமரா?"

கறக்... கறக்... கறக்.

"இதோ, இப்பவும் வெளியிலேருந்து யாரோ பார்க்க..." மெக்கானிக் பாதியில் நிறுத்தினான். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தான். லேப்டாப்பை மூடிக்கொண்டு, கூலிகூடக் கேட்காமல் போய்விட்டான்.

நாத்தனார் நாற்காலியைப் போட்டு ஏறி, தொட்டிலுக்கு மேலிருந்த கடிகாரத்தைக் கழற்றினாள். எண்களுக்கு நடுவே கடுகளவு கண்ணாடி மின்னியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அலமாரி அமைதியானது.

கால்மணி நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. பத்து மணிக்கு முன்னால் ஒருநாளும் வராதவன்.

"அக்கா! அவ பேச்சைக் கேட்காதே! மெக்கானிக் ஏதோ உளறிட்டுப் போயிருக்கான். நான் வந்து சொல்றேன்!"

குரலோடு சாவியும் பூட்டுக்குள் நுழைந்தது.

"இதோ வர்றேன்டா" என்று நாத்தனார் எழுந்தாள்.

அவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். தம்பி சொன்னால் அண்ணி எதையும் நம்புவாள். குழந்தை நாளைக்கு இல்லை, இப்போதே போய்விடும்.

நாத்தனார் நேராகக் கதவுக்குப் போய், சாவி திரும்புவதற்குள் உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.