தலைக்கு மேல் பிடித்திருப்பது

கார்ட்டூனிஸ்ட் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே தெருவில் மழையில் மாட்டிக்கொண்டவர்களை வரைந்துகொண்டிருக்கிறார். வாரப் பத்திரிகையின் சிரிப்புப் பக்கத்துக்கு. பட்டப்பகலிலேயே டியூப்லைட் எரிகிறது. தலைக்கு மேல் என்ன பிடித்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் வரைவார், முகம் கடைசியில். காற்றில் மேல்நோக்கி மடங்கிய குடையோடு மல்லுக்கட்டும் தொப்பைக்காரர் ஆயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட டீக்கடைக்காரர் ஆயிற்று. "அதோ, அந்தம்மாவைப் பாருங்க," என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த ஆசிரியர் சிரிக்கிறார். "ஆஸ்பத்திரி ஸ்கேன் கவரையே குடையாக்கிட்டாங்க. அவங்களை நடுவுல பெருசாப் போடுங்க சார்." பேனா ஓடுகிறது. ஊறி வளைந்த பெரிய கவர், அதன் மூலையிலிருந்து முழங்கை வழியே வடியும் தண்ணீர், குட்டையை ஒதுங்கிப் போகாமல் அதற்குள்ளேயே இறங்கி நடக்கும் கால்கள். முகத்துக்காக நிமிர்ந்து பார்க்கிறார். அவர் மனைவி. மகளின் ஸ்கேனை இரண்டாவது டாக்டரிடம் காட்டிவிட்டு நேரே இங்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். போன வாரமும் இப்படித்தான் கொட்டியது. அன்று அவள் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். முதல் டாக்டர் கைவிரித்துவிட்டாலும், இன்னொரு டாக்டரிடமும் காட்ட வேண்டுமே என்று மார்போடு அணைத்து வந்த அந்தக் கவரில் ஒரு சொட்டு ஈரமில்லை. "முகம் போடலையா சார்?" என்கிறார் ஆசிரியர். பேனா முனையில் மை திரண்டு நிற்கிறது. கீழே அவள் அவசரமே இல்லாமல் தெருவைக் கடக்கிறாள்.